எட்டாவது குப்பை

காலையில் நகராட்சி வண்டி வருகிறது. பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று. மக்கும் குப்பை பச்சையில், மக்காதது நீலத்தில். வண்டியோடு வரும் பெண் வாசல் வாசலாக நின்று பிரித்துக் கொடுங்கள் என்று தொண்டை கட்டச் சொல்கிறாள். எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு. பிரித்துக் கொடுப்பது ஒன்பது. நேற்று எதிர்வீட்டு வாலிபன் பேட்டரிக் கட்டைகளைச் சோற்றுப் பருக்கையோடு சேர்த்துக் கொட்டினான். நான்கு கட்டை. கேட்டால், "தாத்தா, எங்க வீட்டுக் குப்பையக் கூடவா எண்ணுதீக?" என்று சிரிக்கிறான்.

எண்ணத்தான் செய்கிறேன். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான்.

இரண்டு தொட்டிக்கே இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. ஐம்பதுகளின் கடைசியில், இதே சிவகாசியில், என் அம்மா ஏழு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் எதுவும் வீணாகப் போகாது. அடுப்புச் சாம்பல் ஒரு பானையில். அது பாத்திரம் தேய்க்க. அரிசி கழுவிய நீரும் காய்த்தோலும் கழுநீர்ப் பானையில். பால்காரர் வீட்டு மாட்டுக்கு. கிழிந்த துணி ஒரு மூட்டை. பெண்கள் தலை சீவி உதிர்ந்த முடி சுவர் ஓட்டையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சவுரி கட்டுகிறவன் வந்து வாங்கிக்கொண்டு ஊக்கு, கொண்டை ஊசி தருவான். தகரமும் உடைந்த கண்ணாடியும் ஒரு கூடை, அதற்குப் பேரீச்சம்பழம். தீப்பெட்டி ஆபீசில் கழித்த குச்சிகளைச் சாக்கில் வாங்கி வைத்திருப்போம். வெந்நீர் அடுப்புக்கு அதுதான் விறகு. கடைசியாகக் காகிதம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஓர் அச்சாபீசில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவுத் தாள்களைக் கொண்டுவருவேன். மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போகும். சாமி படம் போட்ட காலண்டர் தாள் மட்டும் போகாது. மை தள்ளி விழுந்து நான்கு கண்ணோடு நிற்கும் முருகனையும், மூக்குக்குக் கீழே நெற்றிப்பொட்டு இறங்கிவிட்ட லட்சுமியையும் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு பரணில் ஏற்றிவிடுவாள். சாமியைக் குப்பையாக்கக் கூடாது.

ஆக ஏழு. ஏழுக்கும் இடம் உண்டு. எட்டாவது ஒன்று இருந்தது. அதற்கு இடம் கிடையாது.

அப்போது சரவெடி பின்னும் வேலையை வீடுகளுக்குக் கொடுப்பார்கள். கம்பெனியிலிருந்து சின்ன வெடிகளைக் கூடையில் கொண்டுவந்து இறக்குவார்கள். பெண்கள் உட்கார்ந்து, திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா பின்னுவாள், அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, பின்னுவாள். அண்ணன் அதே கம்பெனியில் போர்மேன். சாயங்காலம் தரையைக் கூட்டினால் நூல், காகிதச் சுருள், ஒடிந்த திரி, வெடியிலிருந்து உதிர்ந்த மருந்து, நசுங்கிய வெடிகள் என்று சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் வரும். அதுதான் எட்டாவது குப்பை.

மற்ற நாட்களில் அதைத் தெருக்கோடிக் குப்பைக்கிடங்கில் கொட்டிவிடுவோம். வெள்ளிக்கிழமை கொட்ட முடியாது. விளக்கு வைத்த பிறகு வீட்டுக் குப்பையை வாசல் தாண்டி எடுத்துப்போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். மற்ற ஆறு நாளும் அம்மா இதைக் கண்டுகொள்ள மாட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் அவளோடு பேச முடியாது. ஆனால் சனிக்கிழமை காலையில்தான் கம்பெனிக் கூடை திரும்பப் போகவேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைதான் வேலை அதிகம், குப்பையும் அதிகம். கூட்டி முடிக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். குவியலைப் பின்வாசல் மூலையில் தள்ளி, மேலே விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிடுவோம். லட்சுமி வீட்டிலேயே இருப்பாள்.

அந்த மூலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி வெந்நீர் அடுப்பு.

மதினி நாரணாபுரத்துக்காரி. அவள் அப்பாவுக்குக் கரிசலில் கொஞ்சம் நிலம், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன். மூன்று பெண்கள். இவள் மூத்தவள். இவளுடைய வாழ்க்கை நன்றாக இருந்தால்தான் மற்ற இருவருக்கும் மாப்பிள்ளை வரும். இதை அவளும் மறந்ததில்லை, நாங்களும் மறக்கவிட்டதில்லை. சின்னப் பிள்ளையில் பக்கத்து வீட்டுப் பின்புறம் ஒரு மருந்துக் குப்பை பற்றியதைப் பார்த்தவள். அதில் யாருக்கு என்ன ஆனது என்று அவள் சொன்னதில்லை. கேட்டால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னாள்:

"அத்தை, கோவிச்சுக்காதீக. வெளிய கொட்ட வேண்டாம். ஒரு பானைத் தண்ணியில போட்டு வச்சிருவோம். நனைஞ்சா ஒண்ணும் செய்யாது. காலையில கொட்டிக்கலாம்."

அம்மா எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "இங்கன வாங்க, ஒரு அதிசயம் கேளுங்க. எங்க மருமக குப்பைக்குத் தண்ணி ஊத்தணுமாம்."

"குளிப்பாட்டவா அக்கா?"

"ஆமா. எண்ணெய் தேச்சு, சீயக்காய் போட்டு."

"சாம்பிராணி போடச் சொல்லுங்க. சளி பிடிச்சிராம."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மதினியும் கூடச் சேர்ந்து சிரிக்க முயன்றாள். அது எடுபடவில்லை.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் என்ன என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. தெருக் கிணற்றில் வீட்டுக்கு எட்டுக் குடம்தான் முறை. நாங்கள் நான்கு பேர். சமையலுக்கும் குடிக்கவும் மூன்று, பாத்திரத்துக்கு ஒன்று, குளிக்க ஆளுக்கு ஒன்று. குப்பைக்கு என்று ஒன்பதாவது குடம் கிடையாது. அம்மா சொன்னது கணக்குப்படி சரிதான்.

மதினி விடவில்லை. "மனுச உயிரு பெருசா, தண்ணி பெருசா அத்தை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அம்மா கையில் அகப்பை இருந்தது. கஞ்சியில் கிடந்த அகப்பை. அதைத் திருப்பி அவள் வாய்மேல் ஒன்று வைத்தாள்.

"இன்னொருக்க குப்பைன்னு வாயத் தொறந்தே, நாரணாபுரத்துக்கு அனுப்பிருவேன். உந் தங்கச்சிக ரெண்டும் உங்கூட உக்காந்து பாட்டுப் பாடட்டும்."

மதினியின் கீழுதடு வெந்து வீங்கியது. சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்தான். "என்ன, குப்பைக் கம்பெனி மொதலாளியம்மா வாயில புஸ்வாணமா?" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயர். "மொதலாளியம்மா, சோறு போடுங்க." "மொதலாளியம்மா, கம்பெனியில இன்னைக்கு லோடு எம்புட்டு?" அவன் கெட்டவன் இல்லை. தெருவே சிரிக்கிற ஒன்றுக்கு அவன் மட்டும் சிரிக்காமல் இருந்தால் பெண்டாட்டிதாசன் என்பார்கள். அதற்குப் பயந்தான்.

பிறகு அவள் குப்பை என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனால் விளிம்பு உடைந்த ஒரு மண்பானையைப் பின்வாசலுக்கு வெளியே, வேலியோரம் வைத்தாள். தன் குளியல் குடத்தில் பாதியை அதில் ஊற்றி வைப்பாள். வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காதபோது குவியலிலிருந்து கை கையாக அள்ளிப் பானையில் போடுவாள். முழுவதையும் போட முடியாது. குவியல் குறைந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அரைக் குடத்தில் ஒரு பெண் எப்படிக் குளிப்பாள்? அவளிடம் வியர்வை வாடை அடித்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாரணாபுரத்துல குளிக்கிற வழக்கம் கிடையாதா தாயி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். பந்தியில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி இலையில் இருந்ததை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அம்மா ஒருநாள் பானையைக் கண்டுபிடித்தாள். அதை உடைப்பாள் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. பானையும் வீட்டுச் சொத்துதானே. தண்ணீரை மட்டும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, "ஏட்டி, ஓங் கருநாக்க வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குத் தீ வரணும்னு தவம் இருக்கியா?" என்றாள்.

கருநாக்கு. எதைச் சொன்னாலும் பலித்துவிடும் நாக்கு. அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். மதினி மறுநாளே பானையை நிமிர்த்தி மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

தீபாவளிக்கு முந்திய சீசன். கம்பெனி வழக்கத்தைவிட இரண்டு பங்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் மதினியும் இடுப்பை நிமிர்த்தவில்லை. குவியல் என் முழங்கால் உயரம் இருந்தது. எதிர்வீட்டுக்காரியும் பின்ன வந்து உட்கார்ந்திருந்ததால் மதினியால் ஒரு கை கூட அள்ள முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். முதலில் அண்ணன். கோவணத்தோடு பலகையில் உட்கார்ந்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நல்லெண்ணெய் வழிய, வெந்நீருக்குக் காத்திருந்தான். முதுகு குவியலைப் பார்த்திருந்தது. அம்மா அடுப்பின் முன்னால் குத்தவைத்து, சாக்கிலிருந்து கழிவுக் குச்சியை ஒரு கை அள்ளி அடுப்பில் திணித்தாள். அந்தச் சாக்கில் பெரும்பாலும் தலையில்லாத குச்சிகள். சிலவற்றில் மருந்துத் தலை கோணலாக ஒட்டியிருக்கும். தீ பட்டால் அவை படபடவென்று வெடித்துத் துள்ளும். தினமும் துள்ளுவதுதான். ஒன்றிரண்டு வெளியே வந்து தரையில் விழும், அம்மா காலால் தேய்த்துவிடுவாள். அன்று ஒன்று அவள் கால் எட்டாத இடத்தில் விழுந்தது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. புஸ் என்று ஒரு மூச்சு. வெள்ளையும் பச்சையுமாக ஒரு தீ கூரை ஓட்டைத் தொட்டது. நசுங்கிய வெடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தன. அண்ணன் எழுந்து ஓடியிருக்கலாம். பக்கத்திலேயே பின்னி முடித்த சரக் கூடைகள் இருந்தன. போர்மேன் அல்லவா, அதை நினைத்தான். எரிகிற குவியலை வலது கையால் வாரி வெளியே எறியப் பார்த்தான். உடம்பு முழுக்க எண்ணெய்.

நான் கூடைகளை இழுத்தேன். மூன்று கூடை. அம்மா வெந்நீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். மதினி எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. விளிம்பு உடைந்த பானையைத் தூக்கிவந்து அவன் முதுகிலும் கையிலும் முழுவதையும் ஊற்றினாள். அழுக்குத் தண்ணீர், அடியில் முந்திய வாரத்துக் காகிதக் கூழ். மிச்சத் தீயை ஈரச் சாக்கால் அடித்து அணைத்தாள். கூரையில் ஏழு ஓடு மட்டும் கருகியிருந்தது. வீடு நின்றது.

அண்ணனை வாழை இலையில் கிடத்தினார்கள். டாக்டர் வந்து கட்டுப் போட்டார். முதுகு ஆறிவிடும், கையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கை புண் வைத்துச் சீழ் கட்டியது. ஆறியபோது நடு மூன்று விரல்களும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தனியாக நின்றன. கம்பெனியில் வேறு போர்மேன் போட்டுவிட்டார்கள்.

புண் சீழ் வைத்ததற்குக் காரணம் எதிர்வீட்டுக்காரி கண்டுபிடித்தாள். "குப்பைத் தண்ணிய ஊத்தினா சீழ் வைக்காம சந்தனமா மணக்கும்?"

அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், விசாரிக்க வந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் செல்லம். பஞ்சாயத்துப் பேசிப் பழகியவர். மதினியை நடுவீட்டில் தூணோரம் நிறுத்தினார்.

"தீப்பிடிக்கும்னு நீ சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன் பெரியப்பா."

"தண்ணி எடுத்து வச்சிருந்தியா, இல்லியா?"

"வச்சிருந்தேன்."

"எந்த வீட்டுலயாவது தீக்குன்னு தனியாத் தண்ணி எடுத்து வச்சிருக்கிறதப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஒனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான பெரியப்பா. மருந்துன்னா தீப்பிடிக்கும்."

"எதுத்துப் பேசாத. நாங்க இருபது வருசமா மருந்தோட கெடக்கோம். நீ வந்து வாய வச்ச பெறகுதான பிடிச்சுது?"

மதினி அண்ணனைப் பார்த்தாள். அவன் இலையில் குப்புறக் கிடந்தான். முகம் சுவர்ப் பக்கம். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுப்பில் குச்சி போட்டது யார் என்று அவனுக்குத் தெரியும். முதுகில் ஊற்றியது யார் என்றும் தெரியும். தாய்மாமன், "ஏலே, நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

"அவ வாய் சும்மா இருந்திருந்தா இது நடந்திருக்காது மாமா," என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. எப்படி அனுப்புவது என்பதுதான் மிச்சம். பஸ்ஸில் அனுப்பினால் தெருவே பார்க்கும், கூட ஒரு ஆளும் போகவேண்டும். அம்மாதான் வழி சொன்னாள்.

"குப்பை வண்டி நாரணாபுரத்துக்குத்தான போகுது?"

தெருக்கோடிக் குப்பைக்கிடங்கில் சாணமும் சாம்பலும் மக்கியபின் வெள்ளாமை செய்யும் சுற்று ஊர்ச் சம்சாரிகள் வண்டி கட்டிவந்து உரத்துக்கு அள்ளிப்போவார்கள். எங்கள் கிடங்கை எடுத்தவர் மதினியின் ஊர்க்காரர், வயதானவர். அவர் வந்த அன்று காலை அம்மா போய்ச் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

"பொண்ணையா? இதுலயா?"

"ஒங்க ஊருப் பொண்ணுதான. எறக்கி விட்டிருங்க."

மதினியின் தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று. வண்டி நிறையக் குப்பை. பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, வண்டியின் முன்பக்கம் விரித்தார்.

"இங்கன மாட்டுப் பக்கமா உக்காரு தாயி. காத்து பின்னால அடிக்கி, வாடை தெரியாது."

அவள் உட்காரவில்லை. பெட்டியை மட்டும் குப்பைமேல் வைத்துவிட்டு, "நடந்தே வாரேன் சித்தப்பா," என்றாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். முப்பத்தொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. யாரோ ஒருத்தன், "மொதலாளியம்மா, லோடு கெளம்பிருச்சா?" என்றான். சிலர் சிரித்தார்கள்.

வண்டி திரும்பியதும் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போன உடனே வீட்டைக் கூட்டமாட்டார்கள். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவுவது. அம்மா கூட்டினாள், கழுவினாள். நடுவீட்டிலிருந்து வாசல்படி வரை. மூன்று குடம் தண்ணீர் செலவானது.

மதினியின் மூத்த தங்கையை ஒரு பெண்டாட்டி செத்தவருக்குக் கொடுத்தார்கள். கடைசித் தங்கைக்கு ஆகவில்லை. மதினி அப்பா வீட்டில் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கினாள் என்று கேள்விப்பட்டேன். நாரணாபுரம் எங்கள் வீட்டிலிருந்து காலைக் காப்பி குடித்துவிட்டு நடந்தால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

சரம் பின்னும் வேலையை அம்மா விடவில்லை. அண்ணனுக்கு வேலை இல்லாததால் விட முடியாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கப் பொழுது இருக்கும்போதே அம்மா எழுந்து கூட்டினாள். குவியலை முறத்தில் வாரினாள். வேலியோரம் கிடந்த விளிம்பு உடைந்த பானையை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றி, அதில் கொட்டிக் குச்சியால் அழுத்தினாள். இப்போது வீட்டில் மூன்று பேர்தான். எட்டுக் குடத்தில் ஒன்று மிஞ்சியது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. என் மனைவி விருதுநகர்க்காரி, மிளகாய் மண்டி வீட்டுப் பெண். மருந்தைப் பார்த்தறியாதவள். வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மா பானையைக் காட்டினாள். இவளுக்கு ஆச்சரியம்.

"இம்புட்டு நல்ல தண்ணியும் குப்பைக்கா அத்தை? எதுக்கு?"

எதிர்வீட்டுக்காரியும் பின்ன வந்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முந்திக்கொண்டாள். "ஒங்க அத்தை வச்ச வழக்கம் தாயி. இந்தத் தெருவுல இப்ப எல்லா வீட்டுலயும் பானை இருக்கு. ஒங்க அத்தையப் பாத்துத்தான்."

"நீங்களா கண்டுபிடிச்சீக?" என்றாள் என் மனைவி.

"பின்ன? இந்த வீட்டுல அந்தக் காலத்துலேருந்தே இப்படித்தான்," என்றாள் அம்மா. "தண்ணியப் பாக்காத. மனுச உயிரு பெருசா, தண்ணி பெருசா?"

அண்ணன் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையால்தான் சாப்பிடுவான். அதனால் ஆட்கள் இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவான். அம்மா சொன்னது அவன் காதில் விழாமல் இருந்திருக்காது. பிசைந்த உருண்டை வாய்க்குப் போகாமல் கொஞ்ச நேரம் பாதியில் நின்றது.

"ஏலே, என்ன, உப்புப் பத்தலையா?" என்று அம்மா கேட்டாள்.

"பத்தும்," என்றான்.